மாற்றம் கண்ட பழங்கத்தி: செய்தவரைத் தேட எந்த வழியை நம்புவது?

பழைய கத்தி ஒன்றை வாங்கியவரும், பாட்டன் வழியில் பெற்றவரும் முதலில் கேட்பது "இதைச் செய்தது யார்?" என்றுதான். அலகு பாதி தேய்ந்து, பிடி ஒருமுறையேனும் மாற்றப்பட்டு, முத்திரையில் சில எழுத்துகள் மட்டும் மிஞ்சிய கத்தி என்றால் விடை எளிதில் கிடைப்பதில்லை. முத்திரையைப் பதிவேடுகளோடு ஒப்பிடலாம், கத்தியின் கட்டமைப்பைத் தாமே ஆராயலாம், மதிப்பீட்டாளரிடம் காட்டலாம், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். பெயர் தேடுவதையே கைவிடுவதும் ஒரு வழிதான் என்பதால் அதையும் சேர்த்தே இங்கே எடைபோடுகிறேன். எதில் பணத்தையும் பொழுதையும் போடுவது என்று புரியாமல் நிற்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஒப்பீடு இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றப்பட்ட கத்தியில் எந்தச் சான்றும் முழுக் கத்திக்காகவும் பேசுவதில்லை. தான் இருக்கும் உறுப்புக்காக மட்டுமே பேசுகிறது. அலகில் உள்ள முத்திரை அலகைச் செய்வித்தவரைச் சொல்லலாம், பிடியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இதை மறந்தவர்கள் எந்த வழியில் போனாலும் தவறான பெயரில்தான் போய் நிற்கிறார்கள்.

மாற்றங்கள் ஒரே வகையல்ல

மாற்றங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதலாவது, கத்தி பயன்பாட்டில் இருந்த காலத்திலேயே நடந்த மாற்றம். பிரிட்டிஷ் இராணுவத்தின் 1907 மாதிரித் துப்பாக்கிச் சனியனின், அதாவது துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியின், அலகு 17 அங்குல நீளம். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் அவற்றில் பலவற்றை 12 அங்குலமாக வெட்டிச் சுருக்கி, அதற்கென்று தனி மாதிரிப் பெயரும் கொடுத்தார்கள். அலகின் அடியில் முதலில் செய்த நிறுவனத்தின் பெயரும் தேதியும் அப்படியே இருக்கும். இன்றைய வடிவமோ வேறொரு பட்டறை தந்தது. போர்க்களத்தில் சிப்பாய்கள் கத்திகளுக்கு அலுமினியத்திலும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கிலும் புதுப்பிடி போட்டுக்கொண்டதும் இந்த வகைதான். இத்தகைய மாற்றம் குறையாகாது, அதுவும் வரலாறு.

இரண்டாவது, பழுதுபார்ப்பு: உடைந்த அலகுக்கு மாற்று அலகு, வெடித்த கொம்புப் பிடிக்குப் புதுப்பிடி, முனை முறிந்ததால் புதிதாகத் தீட்டிய முனை. மூன்றாவது, விலையை ஏற்றுவதற்காக நடந்த பித்தலாட்டம். மலிவான கத்தியின் முத்திரையைத் தேய்த்துவிட்டுப் புகழ்பெற்ற பெயரைப் பொறிப்பது, இரண்டு மூன்று சிதைந்த கத்திகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்குவது எல்லாம் இதில் அடங்கும். இந்த மூன்றில் எது நடந்தது என்பது தெரியாமல் செய்தவர் பெயரைத் தேடுவது வீண்வேலை.

எதைக் கொண்டு எடைபோடுவது

ஒவ்வொரு வழியிடமும் ஐந்து கேள்விகள் கேட்கிறேன். அது தரும் சான்று கத்தியின் எந்த உறுப்பைப் பற்றியது? அந்தச் சான்றைப் போலியாக உண்டாக்குவது எவ்வளவு எளிது? தேடும் முயற்சியில் கத்திக்குச் சேதம் வருமா? ஆகும் செலவு கத்தியின் மதிப்புக்குத் தகுமா? கிடைக்கும் விடையை வாங்குபவரோ காப்பீட்டாரோ ஏற்றுக்கொள்வார்களா? கடைசிக் கேள்வி எல்லோருக்கும் வேண்டியதில்லை. விற்கும் எண்ணமே இல்லாதவர் அதைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

முதல் வழி: முத்திரையும் பதிவேடுகளும்

எல்லோரும் தொடங்கும் இடம் இது, தொடங்க வேண்டிய இடமும் இதுதான். செலவு மிகக் குறைவு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டு, தொழிலாளர்களின் முத்திரைகளைப் பதிவுசெய்து வந்தது. அமெரிக்காவின் கேஸ் என்ற கத்தி நிறுவனம் முத்திரையின் வடிவத்தைக் காலத்துக்குக் காலம் மாற்றியதோடு, 1970 முதல் புள்ளிகளால் ஆண்டைக் குறித்தது. ஆகவே முழுமையாகத் தெரியும் கேஸ் முத்திரை பல நேரங்களில் குறுகிய கால வரம்பையே தந்துவிடும். 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டப்படி 1891 முதல் அமெரிக்காவுக்குள் இறக்குமதியான பொருள்களில் நாட்டின் பெயர் குறிக்கப்பட வேண்டியிருந்ததால், அலகில் 'இங்கிலாந்து' அல்லது 'ஜெர்மனி' என்ற சொல் இருந்தால் அது பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ஆனால் அந்தச் சொல் இல்லாததை வைத்து 1891க்கு முந்தியது என்று முடிவுகட்டக் கூடாது, ஏனெனில் எல்லாக் கத்திகளும் அமெரிக்காவுக்குப் போனவை அல்ல.

இந்த வழியின் பலவீனம் முத்திரை என்ற ஏற்பாட்டிலேயே இருக்கிறது. முத்திரை ஒரு சொத்து. விற்கவும் வாங்கவும் வாடகைக்கு விடவும் பட்டது. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் பெயரோடு இன்று பிரிக்க முடியாததாக நினைக்கப்படும் நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் 1682இல் வேறொருவருக்கு வழங்கப்பட்டு, 1764இல்தான் ராட்ஜர்ஸ் கைக்கு வந்தன. மேலும், ஷெஃபீல்டில் அலகை அடித்தவர் ஒருவர், சாணை பிடித்தவர் ஒருவர், பிடி போட்டுச் சேர்த்தவர் ஒருவர் என்று தனித்தனிச் சிறு தொழிலாளர்கள் இயங்கினார்கள். பெயர் பொறித்த நிறுவனம் சில வேளை அவர்களிடம் வேலை வாங்கி விற்றது மட்டுமே. ஜெர்மனியின் ஜோலிங்கன் நகரில் செய்யப்பட்ட கத்திகள் பல அமெரிக்க இரும்புக்கடை நிறுவனங்களின் பெயரைத் தாங்கிக் கடல் கடந்தன. இப்படிப்பட்ட கத்தியில் பெயரைப் படித்துவிட்டாலும், செய்தவரைக் கண்டுபிடித்ததாக ஆகாது.

மறைந்திருக்கும் செலவு, முத்திரையைப் படிக்கும் ஆசையில் அதை அழித்துவிடுவது. எஃகு நார் கொண்டு தேய்ப்பதும், துருநீக்கி அமிலத்தில் ஊறவைப்பதும் எழுத்தின் ஓரங்களைக் கரைத்துவிடும். இருட்டறையில் ஒரு விளக்கை அலகோடு ஏறத்தாழ ஒட்டிவைத்துப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி, கோணத்தை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்தால், நேர்வெளிச்சத்தில் தெரியாத எழுத்தும் நிழலாக எழுந்துவரும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து நகலெடுப்பதும் பாதுகாப்பானதே. அழுக்கு இருந்தால் மெல்லிய எண்ணெயும் மரக்குச்சியும் போதும்.

இரண்டாம் வழி: கட்டமைப்பைப் படிப்பது

இந்த வழியில்தான் நான் அதிக நம்பிக்கை வைக்கிறேன். முத்திரையை மாற்ற ஓர் அச்சு போதும். கட்டமைப்பையோ, அதைப் பழக்கத்தால் செய்துவந்த கையின் அளவுக்கு ஒத்துப்போகும்படி மாற்றுவது அரிது.

ஒரு மடக்குக் கத்தியை எடுத்துக்கொள்வோம். அலகைத் திறந்து, அது பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியை, அதாவது வால் பகுதியை, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். வாலுக்கும், பிடியின் உட்புறத்தில் இருபக்கமும் உள்ள உள்தகடுகளுக்கும் இடையே வழக்கமாக மிகச் சிறிய இடைவெளியே இருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் வெளிச்சம் பட்டையாகப் பாய்ந்தால், அந்தப் பக்கத்தில் உலோகம் தேய்த்து எடுக்கப்பட்டிருக்கிறது என்ற சந்தேகம் எழ வேண்டும். பழைய பெயர் நீங்கிய இடம் பெரும்பாலும் அதுவே. பிறகு உருப்பெருக்கியில் எழுத்தைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் அலகைக் கடினப்படுத்துவதற்கு முன், எஃகு மென்மையாக இருக்கும்போதே அச்சு அடிப்பார்கள். அதனால் பிதுங்கிய உலோகம் பின்னால் வரும் சாணையில் மட்டமாகிவிடும், எழுத்தின் அடித்தளமும் சுற்றியுள்ள பரப்பைப் போலவே கருத்திருக்கும். பின்னாளில் அடித்த எழுத்தின் ஓரத்திலோ உலோகம் உதடுபோல் எழுந்து நிற்கும், பள்ளத்தின் அடி பளிச்சென்று இருக்கும். கடினமான எஃகில் அச்சு இறங்காது என்பதால் அமிலத்தால் அரித்து எழுதியவர்களும் உண்டு; அந்த எழுத்து ஆழமில்லாமல், அடியில் புள்ளிபுள்ளியாகக் குழிந்து, ஓரம் மழுங்கிக் காணும்.

அடுத்துப் பூண்களைப் பார்க்க வேண்டும். அலகு சுழலும் ஆணி பிடியின் முனையில் உள்ள உலோகப் பூணை ஊடுருவிச் செல்கிறது. நல்ல தொழிற்சாலைகளில் ஆணியும் பூணும் ஒரே உலோகம். அடித்து மட்டமாகத் தேய்த்த பிறகு ஆணித்தலை இருக்கும் இடமே தெரியாது. ஒரு பக்கப் பூணில் வட்டம் தெளிவாகத் தெரிந்து, அதைச் சுற்றி நுண்ணிய சுத்தியல் தழும்புகளோ மறுபக்கத்தைவிட அதிகமான மெருகோ இருந்தால், ஆணி ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்க வேண்டும். ஆணி கழன்றது என்றால் அலகும் மாறியிருக்கலாம், முத்திரையோடு சேர்ந்தே மாறியிருக்கலாம். அலகை மூடும்போது முனை பிடிக்கு மேலே எட்டிப்பார்ப்பதும், இரண்டு அலகுகளின் தேய்மானம் பொருந்தாததும் அதே சந்தேகத்தை வலுப்படுத்தும்.

பிடி மாறியதா என்பதை உள்தகடு சொல்லும்: இன்று எந்த ஆணியும் செல்லாத பழைய துளை தகட்டில் இருந்தால் அதில் முன்பு வேறொரு பிடி இருந்தது. எலும்பும் கொம்பும் காலப்போக்கில் சுருங்கும். எனவே நூறாண்டு கண்ட கொம்புப் பிடி தகட்டின் ஓரத்தோடு துல்லியமாக ஒட்டி நிற்பது ஐயத்துக்குரியது. நீளக் கத்தியில் அலகின் நீளவாட்டில் ஓடும் பள்ளம் முனைக்கு முன்பே ஒடுங்கி முடியாமல், முனையின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நின்றால் அலகு குறைக்கப்பட்டிருக்கிறது.

பொருள்களின் காலமும் கைகொடுக்கும். செல்லுலாய்டு 1870இல் காப்புரிமை பெற்றது. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913இல். பெரிய அலகில் விக்டோரியா அரசியின் வி.ஆர். எழுத்தும் மகுடமும், சிறிய அலகில் 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல்லும் உள்ள கத்தியைக் கற்பனை செய்து பாருங்கள். அரசி இறந்தது 1901இல். பழைய அச்சு கையிருப்பில் இருந்து பின்னும் பயன்பட்டிருக்கலாம் என்று வாதிட இடமுண்டு என்றாலும், சிறிய அலகு பின்னால் வந்தது என்பதே எளிய விளக்கம். இரண்டு அலகுக்கும் ஒரே காலத்தைக் கொடுத்து விற்பனை விளம்பரம் எழுதுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இந்த வழிக்குப் பணம் அதிகம் தேவையில்லை, ஆனால் கண்ணுக்குப் பயிற்சி தேவை. அந்தப் பயிற்சி மாற்றப்படாத கத்திகள் பலவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் வரும். இன்னொரு குறையும் உண்டு. எது மாறியது என்று இது நன்றாகச் சொல்லும். யார் செய்தது என்று பெரும்பாலும் ஊரையும் காலத்தையும் மட்டுமே சொல்லும். ஜப்பானிய வாள்களின் நிலை வேறு. நீளம் குறைக்கப்பட்டதால் வாலில் இருந்த கையெழுத்து வெட்டுப்பட்டுப் போன அலகுகளைக்கூட, கூர்ப்பகுதியில் பதம் விட்டுச்சென்ற கோட்டையும் எஃகின் இழையோட்டத்தையும் கொண்டு இன்ன மரபு, சில வேளை இன்ன கொல்லர் என்று சொல்கிறார்கள். கையெழுத்துள்ள அலகுகள் ஒப்பிடுவதற்கு ஏராளமாக இருப்பதும், ஹொனாமி குடும்பத்தைப்போல் தலைமுறைகளாக மதிப்பிட்டுவந்தவர்கள் இருந்ததும் அதற்குக் காரணம். ஆலை எஃகில் வெட்டிய சட்டைப்பைக் கத்தியில் அப்படிப் படிக்க எதுவும் இல்லை.

மூன்றாம் வழி: மதிப்பீட்டாளர்

பயிற்சி பெற்ற கண்ணை விலைக்கு வாங்குவதே இந்த வழி. விலையுயர்ந்த பௌயி கத்தி (உறையில் வைக்கும் பெரிய அமெரிக்கக் கத்தி), பாகப்பிரிவினை, காப்பீடு ஆகிய சூழல்களில் இதைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் உரிமையாளரின் சொந்தக் கருத்துக்கு அங்கே மதிப்பில்லை.

கவனிக்க வேண்டியவை சில. கத்தியை வாங்கும் எண்ணமுள்ளவரிடமே மதிப்பீடு கேட்கக் கூடாது. மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்குபவரைத் தவிர்க்க வேண்டும். படங்களை மட்டும் பார்த்துச் சொல்லும் கருத்தை அரைக்கருத்தாகவே கொள்ள வேண்டும். பூணில் உள்ள வட்டமும் வாலின் ஓரத்து இடைவெளியும் படத்தில் விழுவதில்லை. எழுத்தில் வாங்கும்போது அலகு, பூண், பிடி, உறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கருத்து கேட்டு வாங்குவது முக்கியம். முழுக் கத்திக்கும் ஒரே பெயரை எழுதித் தரும் சான்றிதழ் அழகாக இருக்கும், பயன் குறைவு. அஞ்சல் காப்பீடு, கத்தி அனுப்புவதற்கான சட்டக் கட்டுப்பாடு, தந்தப் பிடி என்றால் எல்லை தாண்டும்போது எழும் அனுமதிச் சிக்கல் ஆகியவை கட்டணத்துக்கு மேல் வரும் செலவுகள். பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் பழம்பொருள்களையும் உள்ளடக்கியது என்பதை மறக்கக் கூடாது.

நான்காம் வழி: ஆய்வுக்கூடம்

அறிவியல் என்றவுடன் விடை உறுதி என்று நினைப்பது இயல்பு. எக்ஸ்-கதிர்ப் படம் உண்மையிலேயே பயனுள்ளது: பிடிக்குள் மறைந்த வாலின் நீளம், பற்றவைத்த இணைப்பு, நவீனத் திருகு, நிரப்பிய பசை எல்லாம் கத்தியைத் தொடாமலேயே தெரிந்துவிடும். எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறை மேற்பரப்பில் உள்ள தனிமங்களைச் சொல்லும். குரோமியம் கணிசமாக இருந்தால் அலகு துருப்பிடிக்காத எஃகு, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் இருந்தால் பூண் ஜெர்மன் சில்வர். ஆனால் கையடக்கக் கருவிகளால் அந்த முறையில் கரிமத்தை அளக்க முடியாது, பழைய எஃகுகளைப் பிரித்துக்காட்டும் முதன்மையான வேறுபாடோ கரிமத்தில்தான் இருக்கிறது. கரிமத்தை அளக்கும் தீப்பொறி நிறமாலை முறை பரப்பில் சுட்ட வடுவை விட்டுச்செல்லும். கடினத்தன்மைச் சோதனை குழி போடும். எலும்புப் பிடிக்குக் கதிரியக்கக் கரிமக் கணிப்புச் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏறத்தாழ 1650 முதல் 1950 வரையிலான காலத்துக்கு அந்த முறை தெளிவான ஆண்டைத் தராது. தந்தாலும் அது விலங்கு இறந்த காலமே தவிர, பிடி செதுக்கிய காலமன்று.

ஆக, ஆய்வுக்கூடம் பொய்யை உடைக்கும், பெயரைத் தராது. அருங்காட்சியகத் தரமுள்ள கத்திக்கும், பெருந்தொகை கைமாறும் விற்பனைக்கும் எக்ஸ்-கதிர்ப் படம் தகும். மற்றவற்றுக்கு மலிவான புற ஊதா விளக்கு போதும். இன்றைய எப்பாக்சி பசைகள் பல அதன்கீழ் ஒளிர்வதால் ஒட்டுவேலை வெளிப்பட்டுவிடும்.

ஒரே பார்வையில்

| வழி | எதைப் பற்றிய சான்று | போலிக்கு எளிதா | கத்திக்கு ஆபத்து | எப்போது ஏற்றது |
|---|---|---|---|---|
| முத்திரை, பதிவேடு | முத்திரையுள்ள அலகு மட்டும் | எளிது | தேய்த்துத் துலக்கினால் மட்டும் | எப்போதும் முதல் படி |
| கட்டமைப்பு | எல்லா உறுப்புகளும் | மிகக் கடினம் | இல்லை, கழற்றாத வரை | பிடியோ அலகோ மாறியதாக ஐயம் வந்தால் |
| மதிப்பீட்டாளர் | கேட்டு வாங்குவதைப் பொறுத்தது | ஆளைப் பொறுத்தது | அனுப்பும் வழியில் | காப்பீடு, பாகம், பெருவிலை |
| ஆய்வுக்கூடம் | பொருள், உள்ளமைப்பு | கடினம் | முறையைப் பொறுத்தது | ஒரு குறிப்பிட்ட ஐயத்தைத் தீர்க்க |

ஐந்தாம் வழி: பெயரில்லாமல் விடுவது

சேகரிப்பாளர்கள் பலர் இதைத் தோல்வியாக நினைக்கிறார்கள். விலையைப் பெயரே தீர்மானிக்கும் சந்தையில் அந்த நினைப்பு புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் முத்திரை இல்லாத கத்தியில், அல்லது முத்திரையும் கட்டமைப்பும் முரண்படும் கத்தியில், பெயரை வலிந்து பொருத்துவதைவிட ஊரும் காலமும் மாற்றமும் எழுதிவைத்த குறிப்பு அடுத்தவருக்கு அதிகம் உதவும். தவறான பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், பின்னால் வரும் விற்பனைக் குறிப்புகள் ஒன்றையொன்று பார்த்து அதையே திரும்ப எழுதும். அந்தக் கத்தியை ஒப்பீட்டுக்கு எடுப்பவர் இன்னொரு கத்தியையும் தவறாக அடையாளம் காண்பார்.

பெயரைத் தேட வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. புதிதாகத் தீட்டுவதோ, சக்கரத்தில் மெருகேற்றுவதோ கூடாது; மெருகு சக்கரம் ஓரங்களை உருட்டிவிட்டால், மேலே சொன்ன கட்டமைப்புச் சான்றுகளில் பாதி போய்விடும். செல்லுலாய்டுப் பிடி உள்ள கத்தியை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காற்றோட்டமாக வைக்க வேண்டும், ஏனெனில் சிதையத் தொடங்கிய செல்லுலாய்டு விடும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, அருகில் உள்ள அலகுகளையும் அரித்துவிடும். பின்னால் மாட்டிய பிடி பொருந்தவில்லை என்பதற்காக அதைக் கழற்றி எறிவதும் வேண்டாம். அது போர்க்காலத்துச் சிப்பாய் போட்டதா, சென்ற ஆண்டு வியாபாரி போட்டதா என்று தெரியும்வரை அது தன் இடத்திலேயே இருக்கட்டும்.

குறிப்பு எழுதும் முறைக்கு ஒரு மாதிரி தருகிறேன்: "அலகு: ஷெஃபீல்டு வகை, முத்திரை பகுதியளவு, 'இங்கிலாந்து' என்ற சொல் உண்டு, பெரும்பாலும் 1891க்குப் பின். முனை புதிதாகத் தீட்டப்பட்டது. இடப்பக்கப் பூணில் ஆணிவட்டம் தெரிகிறது, எனவே அலகு மாற்றப்பட்டிருக்கலாம். பிடி: எலும்பு, உள்தகட்டில் பயன்படாத இரண்டு துளைகள், எனவே முதற்பிடி அல்ல. செய்தவர்: குறிப்பிடவில்லை." இந்தக் குறிப்பையும் எல்லாப் பக்கங்களின் படங்களையும் கத்தியோடு சேர்த்தே விற்கவோ கொடுக்கவோ வேண்டும்.